அத்தியாயம் 5: புள்ளியும் சுழியும் தப்பும் அளவு

5.1 அத்தியாயத்தின் எல்லை

கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம், கழுகுமலை, விளாத்திகுளம் என்று விரியும் கரிசல் வட்டாரத்தில் அச்சேறும் தமிழ் புத்தகங்களோடு நின்றுவிடுவதில்லை. தீப்பெட்டி லேபிள், கடலை மிட்டாய்க் கவர், விதைப் பை, மானாவாரிச் சாகுபடித் துண்டறிக்கை, கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என அன்றாடம் கைமாறும் பொருள்களில் அது பரவிக் கிடக்கிறது. இவற்றைப் படிப்போர் மேசை முன் விளக்கொளியில் அமர்ந்து படிப்பதில்லை. கடை வாசலிலும் வரப்பிலும் பேருந்திலும் நின்றபடி, பெரும்பாலும் ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகின்றனர். எனவே எந்த எழுத்துரு, எந்த அளவு, எந்தத் தாள் என்று முடிவெடுக்கும் டி.டி.பி. பணியாளருக்கும் அச்சகத்தாருக்கும் வேலை கொடுப்போருக்கும், கண்ணால் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதற்கு அப்பால் ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. தமிழ் அச்சின் அளவை எழுத்தின் பெரும்பகுதியைக் கொண்டு தீர்மானிப்பது போதாது என்பதும், அதில் உள்ள மிகச் சிறிய குறி, அதாவது புள்ளி, சுழி, கொக்கி ஆகியவை, தாளில் தப்பி நிற்கும் அளவே குறைந்தபட்ச அளவு என்பதும் இவ்வத்தியாயம் நிறுவ முற்படும் கருத்து.

5.2 பாயிண்ட் எதை அளக்கிறது

எழுத்தளவைக் குறிக்கும் அலகு பாயிண்ட். கணினி அச்சில் ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.35 மி.மீ. மெய்யெழுத்தின் தலையில் இடும் புள்ளியோடு குழம்பாதிருக்க, அலகு இந்நூல் முழுவதும் பாயிண்ட் என்றே வழங்கப்படுகிறது. ஈய எழுத்துக் காலத்தில் இவ்வளவு எழுத்தின் உயரத்தைக் குறிக்கவில்லை. எழுத்து வார்க்கப்பட்ட ஈயக் கட்டையின் உயரத்தையே குறித்தது. மேலே கொக்கிக்கும் கீழே உகரக் குறிக்கும் இடம்விட்டு, நடுவில் எழுத்து அமர்ந்திருந்தது. கட்டை மறைந்த பின்னும் அளவு முறை மாறவில்லை. ஆதலால் இரு எழுத்துருக்களை ஒரே 10 பாயிண்டில் அமைத்தாலும் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் தோன்றுவது இயல்பு.

பாயிண்ட் எண்ணைவிட நம்பத்தக்க அளவு ‘உடல் உயரம்’. ப, ம, ய போன்ற, மேலும் கீழும் நீளாத எழுத்துகளின் உயரத்தையே இச்சொல் குறிக்கிறது. 10 பாயிண்ட் என்பது 3.5 மி.மீ. கட்டையானால், பல தமிழ் எழுத்துருக்களில் உடல் உயரம் அதில் ஏறத்தாழ பாதியளவே இருக்கும். ‘பபபபப’ என்று ஒரு வரியைப் பெரிய அளவில் அச்சிட்டு, மி.மீ. அளவுகோலால் அளந்து, தேவைப்படும் பாயிண்டுக்கு விகிதப்படி குறைத்தால் எந்த எழுத்துருவின் உடல் உயரமும் தெரிந்துவிடும். அச்சகத்தில் வழங்கும் எழுத்துருக்கள் அனைத்துக்கும் இவ்வாறு ஒருமுறை அளந்து பட்டியலிட்டு வைத்துக்கொள்வது பின்னர் வரும் கணக்குகள் அனைத்துக்கும் உதவும்.

5.3 ஆய்வுகள் கண்டவை

படிக்கும் கண் வரியின் மேல் ஒழுகிச் செல்வதில்லை. தாவித் தாவி, ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழ கால் நொடி நின்று செல்கிறது. பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜாவலின் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்து 1870களின் இறுதியில் நடந்த ஆய்வுகள் இந்தத் தாவலைப் பேசுபொருளாக்கின. லத்தீன் எழுத்து வரியின் கீழ்ப்பாதியை மறைத்தாலும் படித்துவிடலாம், மேற்பாதியை மறைத்தால் படிப்பது கடினம் என்ற கவனிப்பும் ஜாவலோடு இணைந்ததே. பின்னர் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மைல்ஸ் டிங்கரும் டொனால்ட் பேட்டர்சனும் 1920களின் இறுதியிலிருந்து எழுத்தளவு, வரி நீளம், வரியிடைவெளி, நிறம் ஆகியவற்றைப் படிப்பு வேகத்தால் அளந்தனர். அம்முடிவுகளை டிங்கர் 1963இல் ஒரே நூலாகத் தொகுத்தார். வழக்கமான எழுத்துருக்கள் 9 முதல் 12 பாயிண்ட் வரை, தக்க வரியிடைவெளியோடு அமைந்தால் படிப்பு வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதும், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை, அச்சகப் பேச்சில் ‘ரிவர்ஸ்’ எனப்படுவதை, படிக்கையில் வேகம் பத்தில் ஒரு பங்களவு குறைகிறது என்பதும், நிறங்களின் பெயரைவிட எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள வெளிர்–அடர் வேறுபாடே முதன்மை என்பதும் அவற்றுள் அச்சகத்தாருக்கு நேரடியாகப் பயன்படுபவை.

எழுத்து தாளில் எத்தனை மி.மீ. என்பதைவிட, கண்ணில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது என்பதே பார்வைக்குப் பொருட்டு. கார்டன் லெக்கும் சார்லஸ் பிகலோவும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடல் உயரம் 0.2 பாகை முதல் 2 பாகை வரை இருக்கும்போது இயல்பான பார்வை உடையோர் தடையின்றி வேகமாகப் படிக்கின்றனர். அதற்குக் கீழே வேகம் சரசரவெனச் சரிகிறது. கையில் பிடித்துப் படிக்கும் 40 செ.மீ. தொலைவில் 0.2 பாகை என்பது 1.4 மி.மீ. தொலைவை மி.மீட்டரில் எடுத்துக்கொண்டு, 1000ஆல் வகுத்து 3.5ஆல் பெருக்கினால் கீழெல்லை கிடைக்கும்: 60 செ.மீ.க்கு 2.1 மி.மீ., 2 மீட்டருக்கு 7 மி.மீ., சுவரில் ஒட்டி 3 மீட்டர் தள்ளிப் படிக்கும் சுவரொட்டிக்கு 10.5 மி.மீ.

இக்கணக்கு லத்தீன் எழுத்தை வைத்துப் பெறப்பட்டது. எழுத்தின் விளிம்பு நீளத்தின் வர்க்கத்தை அதன் மைப்பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண் ‘வடிவச் சிக்கல்’ எனப்படுகிறது. டெனிஸ் பெல்லியும் உடன் ஆய்ந்தோரும் 2006இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இந்தச் சிக்கல் கூடக் கூட எழுத்தை அடையாளங்காணும் திறன் குறைகிறது. மூன்று சுழி ணகரத்தையும் கொம்பும் காலும் சேர்ந்த ஒகரங்களையும் கொண்ட தமிழுக்கு 1.4 மி.மீ. என்பதை எட்டக்கூடாத தரைமட்டமாகக் கருதி, தொடர்ந்து படிக்கும் உரைக்கு உடல் உயரம் 1.8 முதல் 2 மி.மீ. வரையும், நாற்பது வயதைக் கடந்து வெள்ளெழுத்து உடையோர் படிப்பவற்றுக்கு அதற்கு மேலும் கொள்வது பாதுகாப்பானது.

5.4 தமிழ் வரியின் மூன்று அடுக்குகள்

தமிழ் வரியை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்க்கலாம். நடு அடுக்கில் எழுத்தின் உடல் நிற்கிறது. மேல் அடுக்கில் புள்ளியும் இகர, ஈகாரக் கொக்கிகளும் நிற்கின்றன. கீழ் அடுக்கில் உகர, ஊகாரக் குறிகள் தொங்குகின்றன. பொருளைப் பிரிக்கும் வேலையின் பெரும்பங்கை மேல், கீழ் அடுக்குகளின் சிறு குறிகளே செய்கின்றன. ‘பல்’ என்பதில் புள்ளி மங்கினால் அது ‘பல’ ஆகிவிடும். ‘மீன்’ என்பதில் ஈகாரத்தின் சிறு சுழி மையால் அடைபட்டால் ‘மின்’ ஆகிவிடும். நடு அடுக்கிலும் இதே இடர் உண்டு: ‘பணி’யும் ‘பனி’யும் ஒரு சுழியால் மட்டுமே வேறுபடுகின்றன, ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் கொம்பின் உச்சியில் உள்ள ஒரு வளைவால் மட்டுமே பிரிகின்றன, ரகரத்தின் கால் நுனி தேய்ந்துபோனால் ‘பரல்’ ‘பால்’ ஆகிறது. ஔகாரக் குறியின் இறுதிப் பகுதியும் ளகரமும் ஒரே உருவில் இருப்பதால் ‘வௌவால்’ பல இடங்களில் ‘வெளவால்’ என்று தட்டச்சாகி, அச்சிலும் எவர் கண்ணுக்கும் படாமல் போய்விடுகிறது.

இந்தக் குறிகளில் பல, தமிழெழுத்தில் காலப்போக்கில் நிலைபெற்றவை. புள்ளியைத் தொல்காப்பியம் கூறியிருந்தும் ஓலையில் எழுதியோர் அதை இடுவது அரிது. முற்கால அச்சு நூல்கள் பலவும் ஓலை வழக்கையே பின்பற்றின. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் பிரிக்கும் இன்றைய முறை, 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரின் சீர்திருத்தம். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் தனி வடிவங்களை நீக்கிப் பொது வடிவத்துக்குக் கொண்டுவந்த மாற்றத்தைப் பெரியார் 1935இல் குடி அரசு இதழில் நடைமுறைப்படுத்தினார். தமிழ்நாடு அரசு 1978இல் அதை ஏற்றது. வாசகர் சூழலைக் கொண்டு ஊகித்து வந்த வேறுபாடுகள் பல இவ்வாறு எழுத்திலேயே இடம்பெற்றன. எழுத்து தரும் அந்தத் தெளிவை அச்சின் சிறுமையால் இழந்தால், வாசகர் மீண்டும் ஓலைக்காலத்து ஊகத்துக்குத் திரும்ப நேரிடுகிறது.

ஊகம் பழகிய சொல்லுக்கு மட்டுமே கைகொடுக்கும். ஊர்ப் பெயர், ஆள் பெயர், மருந்தின் பெயர், எண், வட்டாரச் சொல் ஆகியவற்றில் ஒரு குறி போனால் போனதுதான். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி போன்ற நூல்களையோ கரிசல் எழுத்தாளர்களின் பேச்சுவழக்கு நடையையோ வெளியூர் வாசகர் படிக்கும்போது, சொல்லை முதன்முறையாக எழுத்தைக் கொண்டே அறிகிறார். அவ்வகை உரைக்குப் பொதுநடை உரையைவிட அரை அல்லது ஒரு பாயிண்ட் கூட்டுவது வீண்செலவாகாது.

5.5 சிறுக்கும் ஆசையின் வரலாறு

எழுத்தைச் சிறுக்கினால் தாள் மிஞ்சும் என்ற கணக்கு தமிழ் அச்சோடு கூடப் பிறந்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் 16 பக்கங்களே கொண்டது. அவருடைய பெருநூலான அடியார் வரலாறு 1586இல் அச்சேறியது புன்னைக்காயலோடு இணைத்துப் பேசப்படுகிறது. பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை. புதிய ஏற்பாடு முழுவதையும் அவற்றால் அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது என்பதால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. நூல் 1715இல் நிறைவுற்றது. அங்கே எழுத்தளவைத் தீர்மானித்தது தாளின் விலை. இன்றைய கவரிலும் லேபிளிலும் இடநெருக்கடி அதே வேலையைச் செய்கிறது.

5.6 மூன்று அச்சுப்பொருள்கள்

தீப்பெட்டி லேபிள். சிவகாசியில் 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி வரை பரவியது. லேபிள் தேவையே சிவகாசியின் அச்சுத் தொழிலுக்கும் அடித்தளமாயிற்று. தீப்பெட்டி ஆபீசுக்கு வரும் லேபிளின் முகம் ஏறத்தாழ 5 செ.மீ. நீளமும் 3.5 செ.மீ. அகலமும் கொண்டது. படமும் மார்க்கின் பெயரும் அதன் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, தயாரிப்பாளர் முகவரி முதலியவை ஓரத்தில் ஒடுங்குகின்றன. அவ்வெழுத்து நான்கு நிறம் கலந்த பின்னணியில் ரிவர்ஸாக அமையும்போது, ஒரு நிறப் பிளேட் மயிரிழை விலகினாலும் பக்கத்து நிறம் எழுத்தின் வெள்ளைக்குள் புகுந்துவிடும். முதலில் மறைவது புள்ளி, அடுத்து மறைவது ணகரத்தின் சுழிகள். இதற்குத் தீர்வு மூன்று: சிறு எழுத்தை ஒரே நிறத்தில், வெளிர்ப் பட்டையின் மேல் கறுப்பாக வைத்தல், ரிவர்ஸ் தவிர்க்க முடியாதபோது கோட்டுத் தடிமன் சீரான, சற்றுத் தடித்த எழுத்துருவைக் கொள்ளுதல், பின்னணியை ஒரே பிளேட்டில் அடக்குதல்.

கடலை மிட்டாய்க் கவர். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் கவரில் விற்பனையாகிறது. வடிவமைப்பைக் கணினித் திரையிலோ வெள்ளைத் தாளிலோ பார்க்கும்போது சிவப்பு எழுத்து பளிச்சென்று தெரியும். கவருக்குள் மிட்டாய் அடைபட்டதும் எழுத்தின் பின்னணி வெல்லப்பாகின் பழுப்பாக மாறி, சிவப்பும் பழுப்பும் ஒரே அடர்த்தியில் கலந்து எழுத்து அமிழ்ந்துவிடும். கடலைப் பருப்பின் வெளிர் முனைகள் எழுத்துகளுக்கு நடுவே இல்லாத புள்ளிகளைப் போலத் தோன்றுவதும் உண்டு. எனவே எழுத்துக்குக் கீழே வெள்ளை மைத் தளம் ஒன்றை முதலில் அடித்து, அதன் மேல் அடர்நிற எழுத்தை அடிக்க வேண்டும். புரூப்பை மிட்டாய் நிரப்பிய கவரில் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும்.

பொட்டலப் பொருள்களின் அறிவிப்புகளுக்குச் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள், 2011 குறைந்தபட்ச எழுத்துயரத்தை வகுக்கின்றன. எழுத்தின் அகலம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்றும் கூறுகின்றன. உயர அளவுகள் திருத்தங்களுக்கு உட்படுவதால் அச்சிடும் நாளில் நடப்பிலுள்ள அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அறிவிப்புகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்றும், பிற மொழியைக் கூடுதலாகச் சேர்க்கலாம் என்றும் விதி இருப்பதால், தமிழ் எஞ்சிய இடத்தில் நெருக்கப்படுவது எளிது. இடம் போதாதபோது எழுத்தை அகலவாக்கில் 70 சதவீதமாக அமுக்கும் பழக்கம் தமிழுக்குப் பெருந்தீங்கு: வட்டச் சுழிகள் கீறல்களாக ஒடுங்கி, செங்குத்துக் கோடுகள் மெலிந்து, னகரமும் ணகரமும் ஒன்றாகிவிடும். அமுக்குவதைவிட வாசகத்தைச் சுருக்குவதே முறை.

சாகுபடித் துண்டறிக்கை. 1901இல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்ட கோவில்பட்டியில், பருத்தி, சோளம், கம்பு, உளுந்து ஆகியவற்றுக்கான பரிந்துரைகள் தாளில் உழவரைச் சேர்வது நெடுங்கால வழக்கம். இவ்வகைத் துண்டறிக்கையில் உயிர்நிலை எண்களே. ‘1.5 மி.லி.’ என்பதில் தசமப் புள்ளி மங்கினால் அது ‘15 மி.லி.’ ஆகி, மருந்து பத்து மடங்காகிவிடும். அளவைக் குறிக்கும் எண்ணை உரையைவிட இரண்டு பாயிண்ட் பெரிதாக்கி, ‘ஒன்றரை மி.லி.’ என்று எழுத்தாலும் அருகே தர வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கா, ஒரு டேங்குக்கா என்பதை அதே வரியில் முடிக்க வேண்டும். மை உறிஞ்சும் மலிவுத் தாளில் கோடு மெலிந்த எழுத்துரு உடைந்தும், மிகத் தடித்தது சுழி அடைந்தும் போவதால், இரண்டுக்கும் நடுவான தடிமனே ஏற்றது.

5.7 வரி, இடைவெளி, தாள்

மேல், கீழ் அடுக்குகள் இரண்டும் நிரம்பியிருப்பதால் தமிழுக்கு வரியிடைவெளி தாராளமாகத் தேவை. மேல் வரியின் உகரக் குறி கீழ் வரியின் கொக்கியை முட்டும் இடத்தில் கண் இரண்டையும் பிரிக்கத் திணறும். 10 பாயிண்ட் எழுத்துக்கு 14 அல்லது 15 பாயிண்ட் வரியளவு நல்ல தொடக்கம். வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களைக் குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்தால் சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழும். துண்டறிக்கையின் குறுகிய பத்தியை இடப்பக்கம் மட்டும் சீராக்கி, வலப்பக்கத்தை விட்டுவிடலாம். எழுத்துகளுக்கு இடையிலான வெளியைக் குறைப்பதும் தவிர்க்கத்தக்கது. பக்கத்து எழுத்துகள் நெருங்கும்போது ஓரப்பார்வையில் எழுத்து அடையாளம் இழக்கும் ‘நெரிசல்’ விளைவை ஹெர்மன் பௌமா 1970இல் அளந்து காட்டினார். அடுத்த தாவல் எங்கே என்று கண் திட்டமிடுவது அந்த ஓரப்பார்வையைக் கொண்டுதான்.

5.8 செலவில்லாச் சோதனைகள்

ஜெராக்ஸ் சோதனை: புரூப்பை அதே அளவில் நகலெடுத்து, நகலை மீண்டும் நகலெடுத்து, மூன்றாம் நகலில் ‘பல், பல, மின், மீன், பனி, பணி, கொடு, கோடு, பரல், பால்’ என்ற வரி பிழையின்றிப் படிக்கப்படுகிறதா என்று பார்ப்பது. மங்கிய நகல், மோசமான தாளும் தேய்ந்த பிளேட்டும் தரப்போகும் விளைவை ஓரளவு முன்கூட்டியே காட்டும்.

வாசகர் சோதனை: பொருளைப் பயன்படுத்தும் வயதினர் பன்னிருவரைத் தேர்ந்தெடுத்து, அ, ஆ என்ற இரு மாதிரிகளை, அவர்கள் வழக்கமாகப் படிக்கும் ஒளியில், அணிந்தால் அதே கண்ணாடியோடு உரக்கப் படிக்கச் செய்வது. அறுவர் அ மாதிரியை முதலிலும், மற்ற அறுவர் ஆ மாதிரியை முதலிலும் படிக்க வேண்டும்; இல்லாவிடில் இரண்டாவதாகப் படிப்பது பழக்கத்தால் எளிதாகி முடிவைத் திரித்துவிடும். இரு மாதிரிகளிலும் வாசகத்தின் நீளமும் கடினமும் ஒத்திருக்க வேண்டும். சொற்கள் வேறாக இருக்க வேண்டும். பிடித்திருக்கிறதா என்ற கேள்வியைத் தவிர்த்து, எடுத்த நேரத்தையும் பிழைகளையும் மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். பிழைகளைப் புள்ளி, சுழி, கொம்பு, கொக்கி, எண் என்று வகை பிரித்தால் திருத்த வேண்டிய இடம் தானே தெரியும்: பிழைகள் புள்ளியில் குவிந்தால் அளவைக் கூட்ட வேண்டும், சுழியில் குவிந்தால் தடிமனைக் குறைக்க வேண்டும், எல்லாவற்றிலும் சிதறிக் கிடந்தால் நிறத்தையும் பின்னணியையும் மாற்ற வேண்டும்.

5.9 பிளேட் போடும் முன்

இறுதிப் புரூப் மெய்யான அளவில், மெய்யான தாளிலோ கவரிலோ எடுக்கப்பட்டதா, உடல் உயரம் மி.மீட்டரில் அளக்கப்பட்டதா, பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பு இடம் மாறியோ எழுத்தோடு சேராத வெற்று வட்டம் தோன்றியோ இருக்கிறதா, எண்கள் மூலத்தோடு இருமுறை ஒப்பிடப்பட்டனவா, வாசகத்தை எழுதாத ஒருவர் அதை முழுவதும் உரக்கப் படித்தாரா என்ற ஐந்து கேள்விகளுக்கும் புரூப்பின் ஓரத்தில் விடை எழுதிக் கையொப்பமிட வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை ‘ஆம்’ என்றால், படித்தவர் எந்தச் சொல்லில் தயங்கினார் என்பதையும் அருகிலேயே குறித்துவைப்பது, அடுத்த வேலைக்கு எழுத்தளவைத் தேர்ந்தெடுக்கும்போது பயன்படும்.